நான்காம் மடலில் விட்டுப்போன வரி

சலவைக்கடைக்காரி தன் இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழுந்த ஆவியை ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினாள். பன்னிரண்டு நிமிடத்தில் அது அவளுடைய மகளிடம் போய்ச் சேர்ந்தது. மகள் இருந்த ஊரில் அப்போது கடுங்குளிர். ஒரு வாரமாக மூக்கடைத்துப்போய் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மதியமே "மூக்கு விட்டுருச்சும்மா, இன்னொரு தடவை அனுப்ப முடியுமா?" என்று பதில் வந்தது. கடையில் மட்டும் அன்று மாலைவரை பெட்டியில் ஆவி வரவில்லை. பதினேழு சட்டைகள் சுருக்கத்தோடு வீடு போய்ச் சேர்ந்தன, வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். இதற்கு முன்பும் யாராவது இப்படி அனுப்பியிருக்கலாம். ஆனால் நாளும் நேரமும் தெரிந்து நம்மிடம் இருப்பதில் இதுதான் முதலாவது.

இத்தனைக்கும் காரணமானவளை எல்லோரும் லைனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இணைய இணைப்பு விற்கும் ஒரு நிறுவனத்தின் உதவித் தொலைபேசியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். ஓர் அழைப்புக்கு நான்கு நிமிடம் என்பது அங்கே சட்டம். தாண்டினால் மேசை மேலிருக்கும் சின்ன விளக்கு சிவப்பாகும். அவள் மேசை விளக்கு பச்சையாக இருந்து கூட வேலை பார்த்தவர்கள் யாரும் பார்த்ததில்லை. கடவுச்சொல்லை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அழகாக அடித்துவிட்டு ஏன் திறக்கவில்லை என்று கேட்பவர்கள், கணினிக்குச் சூடாகிறதே என்று விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டுத் தாங்கள் வியர்த்துக்கொண்டிருப்பவர்கள், "எதையோ அழுத்திட்டேன், போலீஸ் வருமா?" என்று குரல் நடுங்குகிறவர்கள் எல்லோரும் எப்படியோ அவளிடமே வந்து சேர்ந்தார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "அவசரமே இல்லங்க. நீங்க மெதுவா தேடுங்க, நான் லைன்லயே இருக்கேன்." அந்த வாக்கியமே பெயராக ஒட்டிக்கொண்டது. ஓய்வுபெற்ற ஒரு பேருந்து ஓட்டுநருக்குத் திரையிலிருந்த எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க இரண்டு மணி பத்து நிமிடம் எடுத்துக்கொண்ட அன்று, சிவந்து சிவந்து கடைசியில் விளக்கு வெடித்தே விட்டது. மேலாளர் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கச் சொன்னார். பெருக்கி முடித்ததும் அவளையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் அலமாரிகளை ஒழுங்குபடுத்தினாள், நான்காம் நாள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கணினியை வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு மின்மடல் தொடங்கினாள். பெயர் "பயப்படாம அழுத்துங்க". வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மடல், இணையத்தில் இன்றுதான் காலெடுத்து வைப்பவர்களுக்கு மட்டும். மாதச் சந்தா ஒருவர் முடிவெட்டிக்கொள்ளும் கூலியில் பாதி. அவளுக்கு யாரும் சிபாரிசு இல்லை, விளம்பரம் இல்லை; பழைய அழைப்பாளர்கள் முப்பத்தொரு பேர் எங்கேயோ விசாரித்துக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தார்கள். முதல் மடலின் தலைப்பு "மின்னஞ்சலைத் திறப்பது எப்படி?" அதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு ஒரு வாரம் பதிலுக்குக் காத்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த தேநீர் சிந்தியது. "நீச்சல் கத்துக்குடுக்கிற புத்தகத்தை ஆத்து நடுவுல போட்டுட்டு, வந்து எடுத்துப் படிங்கன்னா எப்படி?" என்றார். பிறகு அவரே தொலைபேசியை எடுத்துக் கையில் கொடுத்தார். பதினோரு நாளில் முப்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, லைனிலேயே இருந்து, முதல் மடலைத் திறக்க வைத்தாள்.

மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். "தப்பு நம்முடையது என்றால் அடுத்த மடலின் முதல் வரியில் ஒத்துக்கொள்ள வேண்டும்." இரண்டாம் மடலில் வலது பக்கம் என்பதற்கு இடது பக்கம் என்று எழுதிவிட்டாள், மூன்றாம் மடல் அதற்கு மன்னிப்போடுதான் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில்கூட இப்படி யாரும் தங்களிடம் மன்னிப்பு கேட்டதில்லை என்று நாலைந்து பேர் நெகிழ்ந்து எழுதினார்கள். அவளிடம் அவர்கள் காசு கொடுத்து வாங்கியது இந்த நாணயத்தைத்தான், கணினிப் பாடம் சும்மா கூட வந்தது.

நான்காம் மடல், மின்னஞ்சலோடு வேறொன்றை இணைத்து அனுப்புவது பற்றியது. பேப்பர் கிளிப் படத்தை அழுத்துங்கள், உங்கள் மனதுக்கு வேண்டியவர்களுக்கு எதை அனுப்ப ஆசைப்படுகிறீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள், அது ஏறி முடியும்வரை பொறுமையாக இருங்கள், பிறகு அனுப்பு என்பதை அழுத்துங்கள். அடுத்த வரியாக, கணினியில் ஏற்கெனவே சேமித்து வைத்த படம், கடிதம் போன்றவற்றை மட்டுமே இணைக்க முடியும் என்று எழுத இருந்தாள். அந்த நேரம் பார்த்து அக்காவின் தொலைபேசி வந்தது.

அக்கா, தன் கணவர் இறந்தபிறகு கடல் தாண்டி மகன் வீட்டுக்குப் போய்விட்டவள். போனதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. தூக்கம் குறைவு என்று சொல்லவில்லை; அன்றோடு நாற்பத்தொரு நாள் ஒரு நிமிடம்கூடக் கண் மூடவில்லை. மூன்று மருத்துவர்கள் பார்த்தார்கள். மாத்திரை போட்டால் மாத்திரைதான் தூங்கியது. இப்படியே போனால் இதயம் தாங்காது என்று மூன்றாமவர் மகனைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அக்காவும் லைனம்மாவும் சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். லைனம்மா அக்காவின் மேல் வலது காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். "எருமை, காலை எடு" என்று அக்கா ஓர் இரவில் ஏழெட்டுத் தடவை தள்ளிவிடுவாள். தள்ளிவிட்டு அடுத்த நிமிடமே அவளும் குறட்டை விடுவாள். அன்று தொலைபேசியில் அக்கா சொன்னாள்: "அந்தப் பாழாப்போன கால் இருந்தாலாவது தூக்கம் வருமோ என்னவோடி. உடம்பு காத்துல பறக்குற மாதிரி இருக்கு. மேல எதுவும் பாரமே இல்ல." லைனம்மா போய்ப் பார்த்திருப்பாள். பயண அனுமதிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். அந்த நாட்டு அனுமதி அப்போது குதிரைக் கொம்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பியபோது மணி பத்தாக ஒரு நிமிடம் இருந்தது. எழுதியவரை போதும் என்று அனுப்பிவிட்டாள். ஆனைக்கும் அடிசறுக்கும்.

எதை இணைக்க முடியாது என்று யாரும் சொல்லாததால், சந்தாதாரர்கள் தங்களுக்கு அனுப்பத் தோன்றியதை அனுப்பினார்கள். சலவைக்கடைக்காரியின் ஆவியைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. பேருந்து ஓட்டுநர், எழுந்து நடமாட முடியாமல் கிடந்த தன் பழைய நடத்துனருக்கு ஜன்னலோர இருக்கைக் காற்றை அனுப்பினார்; நடத்துனரின் தலையணை உறை இரண்டு நாள் படபடத்தது. நூலகத்தின் முன்னாள் காவலாளி, மகளின் வீட்டுத் தோட்டம் காய்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு மழையை இணைத்தார். மழை பெரிதாக இருந்ததால் நான்கு பகுதியாகப் பிரிந்து போனது. மூன்றாம் பகுதி வழியில் எங்கோ தங்கிவிட்டது, அதனால் தோட்டத்தின் நடுவே ஒரு பாத்தி மட்டும் நனையவில்லை. பூட்டுக்காரர் தன் கடை வாசல் மர நிழலை மகனுக்கு அனுப்பப்போய், முகவரியில் ஒரு புள்ளியை விட்டுவிட்டார். நிழல் ஒரு வரி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தவர்கள் இரண்டு நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, "உரிய பிரிவுக்கு அனுப்பவும்" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். இணைத்தால் நகல் போகும், அசல் நம்மிடமே இருக்கும் என்பது கணினியின் வழக்கம். இவர்களுக்கு அதுவும் தெரியாததால் அசலே போயிற்று. அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. ஒரே மாதத்தில் சந்தாதாரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆனார்கள்.

இதெல்லாம் காதுக்கு வந்த அன்றே லைனம்மா கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். அக்காவின் முகவரியை அடித்தாள், பேப்பர் கிளிப்பை அழுத்தினாள். கோப்புகளின் பட்டியல் வந்தது. மின்கட்டண ரசீது, வீட்டுக்காரரின் பிறப்புச் சான்றிதழ், பழைய மடல்கள். மூடிவிட்டு மறுபடி அழுத்தினாள். அதே பட்டியல். ஆவியும் காற்றும் மழையும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. அந்தத் திரையில் என்ன வரும், என்ன வராது என்று பதினான்கு வருடமாக மனப்பாடமாகத் தெரிந்தவள் அவள். அதனால் வருவது மட்டும்தான் அவளுக்கு வந்தது. ஊரெல்லாம் அனுப்புகிறது, சொல்லிக்கொடுத்தவளால் முடியவில்லை. சலவைக்கடைக்காரியைக் கூப்பிட்டு, எனக்காக என் வலது காலை நீங்கள் அனுப்பித் தருவீர்களா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "அடுத்தவங்க காலை நான் எப்படிம்மா அனுப்புறது? அவங்கவங்களது அவங்கவங்கதான் அனுப்பணும்" என்று அவள் கையை விரித்துவிட்டாள். அக்கா அப்போது அறுபதாவது நாளில் இருந்தாள்.

இந்த நேரத்தில்தான் அளவை ஆய்வாளர் எழுதினார். கடைகளின் தராசுகளையும் படிக்கற்களையும் முப்பத்து மூன்று வருடம் சோதித்து முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். அவரும் சந்தாதாரர், அவராலும் எதையும் இணைக்க முடிந்ததில்லை, ஏனென்றால் அவர் மடலோடு நிற்காமல் மின்னஞ்சல் நிறுவனத்தின் விதிமுறைகளை முழுதாகப் படித்துவிட்ட ஒரே ஆள். "நான்காம் மடல் முழுமையானதல்ல. கோப்புகளை மட்டுமே இணைக்க இயலும் என்ற வரி விடுபட்டுள்ளது. திருத்தம் எப்போது வரும்?" என்று கேட்டிருந்தார். கோபம் இல்லை, குத்தல் இல்லை. அரை கிராம் குறைகிறது என்று கடைக்காரரிடம் சொல்லும் அதே தொனி.

லைனம்மா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். திருத்தம் போட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்துவிடும்; தெரிந்துவிட்டால் அவளைப்போலவே அவர்களுக்கும் பட்டியல் மட்டும்தான் தெரியும். நடத்துனரின் தலையணைக்குக் காற்று நின்றுபோகும். போடாவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட வேண்டியதுதான். இரண்டு செவ்வாய்க்கிழமைகள் வேறு எதையோ எழுதி ஒப்பேற்றினாள். அந்த இரண்டு மடலும் சவசவ என்று இருந்ததாகப் படித்தவர்களே சொன்னார்கள். மூன்றாம் செவ்வாய் காலை அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரர் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கோப்பு மட்டும்தான் போகும்னு எழுதினா அது உண்மையா?"

"இல்ல. மத்ததும் போகுதே."

"எல்லாம் போகும்னு எழுதினா?"

"எனக்குப் போகலையே."

"அப்ப உனக்குத் தெரிஞ்சது எதுவோ அதை எழுதேன். எதுக்கு இப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?" என்று சொல்லிவிட்டு அவர் யாரோ மாட்டிக்கொண்டிருந்த ஒரு லிஃப்டைத் திறக்கப் போய்விட்டார்.

அன்றைய மடல், பதினோராவது, எல்லா மடல்களிலும் சின்னது. "நான்காம் மடலில் ஒரு வரி விட்டுப்போனது. கணினியில் சேமித்த கோப்புகளை இணைக்கலாம்; அதற்கு வழி எனக்குத் தெரியும். கோப்பு அல்லாதவற்றை உங்களில் பலர் இணைத்து அனுப்புகிறீர்கள். அது எப்படி என்று எனக்குத் தெரியாது. முயன்று பார்த்தேன், வரவில்லை. என் அக்கா தொண்ணூறு நாளாகத் தூங்கவில்லை. அவளுக்கு அவசரமாக ஒன்றை அனுப்ப வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லித்தாருங்கள். நான் இதில் ஆரம்பநிலை."

நூற்றறுபத்து நான்கு பதில்கள் வந்தன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பேருந்து ஓட்டுநர், "முதல்ல பின்னாடி யாரும் வராங்களான்னு பாத்துக்கணும் மேடம், அப்புறம் மெதுவா அழுத்தணும்" என்று குரலாகப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அடுப்பு சூட்டை அனுப்பிப் பழகிய ரொட்டிக்கடை அம்மாள், எதுவானாலும் ஆறுவதற்குள் அனுப்பிவிட வேண்டும், ஆறினால் ஏறாது என்றாள். காவலாளி, பெரிதாக இருந்தால் பகுதி பகுதியாக அனுப்புங்கள், மூன்றாம் பகுதியை இரண்டு தடவை அனுப்புங்கள் என்றார். யாரும் கேலி செய்யவில்லை. எல்லோரும் கடைசி வரியாக, அவளிடமிருந்து கற்றுக்கொண்டபடியே, அவசரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்து ஒவ்வொன்றின்படியும் செய்து பார்த்தாள். பட்டியல்தான் வந்தது.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சலவைக்கடைக்காரி தானே கூப்பிட்டாள். கடையை மூடிவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள்.

"இப்ப எங்க உக்காந்திருக்கீங்க?"

"மேசைகிட்டதான்."

"கிளிப்பை அழுத்துங்க. என்ன தெரியுது?"

"அதே பட்டியல்தாங்க."

"கண்ணாடி போட்டிருக்கீங்களா? கழட்டுங்க."

கழற்றினாள். எழுத்துகள் கரைந்து, சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஏதோ நின்றது.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலைங்க."

"அப்ப சரி. நாங்க எல்லாரும் அப்படித்தான் பாக்குறோம். இப்ப காலை மடிங்க. நெசமா மடிக்க வேண்டாம், போர்வையை மடிப்போம்ல, அப்படி மனசுல. நாலா மடிச்சாச்சா? முனை சேந்திருக்கணும், ஆமா. அதை அந்தக் கோட்டுல ஏதாவது ஒண்ணு மேல வைங்க. எதுன்னு பாக்காதீங்க. வச்சிட்டு அழுத்துங்க."

அவள் வைத்தாள், மறுபடி எடுத்தாள், மடிப்புக் கலைந்தது, திரும்ப மடித்தாள். எதன் மேல் வைக்கிறோம் என்று பார்க்காமல் இருப்பது அவளுக்கு எளிதாக இல்லை. இருபது தடவைக்கு மேல் தவறிப்போனது. ஒரு கட்டத்தில், தன் மரமண்டைக்கு இது ஏறாது, நீங்கள் போய்க் கடையைத் திறங்கள் என்று அழுதேவிட்டாள். சலவைக்கடைக்காரி சொன்னாள்: "அவசரமே இல்லங்க. நான் லைன்லயே இருக்கேன்." பதினான்கு வருடம் தான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை லைனம்மா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு ஏதோ ஒன்று ஏறத் தொடங்கியது. அறுபது சதவீதத்தில் வெகுநேரம் நின்றது, பிறகு ஏறி முடிந்தது. அனுப்பிவிட்டு எழுந்தவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வலது கால் சாப்பாட்டு மேசை உயரத்துக்குத் தானாக எழும்பிவிட்டது.

கால் இருந்தது, எடைதான் போயிருந்தது. வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து பார்த்தார். லிஃப்டுக்கு எதிர் எடை கட்டிக் கட்டிப் பழகிய மனிதர் என்பதால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வலது செருப்பின் அடியில் இரும்புத் தகடு ஒன்றை வைத்துத் திருகாணி போட்டு முடுக்கிக் கொடுத்தார். நடந்து காட்டச் சொல்லி, இன்னொரு தகடு சேர்த்தார். மறுநாள் அளவை ஆய்வாளர் தன் சொந்தத் தராசையும் படிக்கற்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூன்று முறை நிறுத்துப் பார்த்தார். ஒன்பது கிலோ முந்நூறு கிராம் குறைவு. தராசு பொய் சொல்லாது என்று முணுமுணுத்துக்கொண்டே எடையைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசலில் நின்று, திருத்தம் திருப்திகரமாக இருந்தது என்றார். அந்த வாரமே அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பிக்கு ஏதோ அனுப்பினாராம். என்ன என்று கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து பதிலே இல்லை. ஒரு நாள் ஆயிற்று. மகன்தான் கூப்பிட்டான். "சித்தி, அம்மா நேத்து காலையில சோபாவுல சாஞ்சாங்க. பத்தொன்பது மணி நேரமா தூங்குறாங்க. டாக்டர் வந்து பாத்துட்டு, எழுப்பாதீங்கன்னுட்டார். போர்வை மேல என்னமோ அழுத்துற மாதிரி பள்ளமா இருக்கு சித்தி, கையை வச்சா ஒண்ணும் இல்ல." சனிக்கிழமை காலை அக்காவின் மின்னஞ்சல் வந்தது. அக்கா தன் வாழ்நாளில் தானாகத் தட்டி அனுப்பிய முதல் மின்னஞ்சல் அது. "எருமை, காலை எடு" என்று மட்டும் இருந்தது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. மடல் இப்போதும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போகிறது, சந்தாதாரர்கள் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் கோப்புகளை அனுப்புகிறார்கள், மீதிப் பேர் மற்றதையும் அனுப்புகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லைனம்மாவின் செருப்புத் தகடு தேய்ந்துபோகிறது, வீட்டுக்காரர் இரும்பு விலையைத் திட்டிக்கொண்டே மாற்றிக் கொடுக்கிறார். அக்கா நன்றாகத் தூங்குகிறாள். தினமும் எழுந்ததும் காலை எடு என்று ஒரு வரி எழுதிப்போடுகிறாள். போன வருடம் அவளும் முறைப்படி சந்தா கட்டிச் சேர்ந்தாள். தங்கைதானே என்று சலுகை கேட்கவில்லை. பழைய மடல்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அனுப்பும்படி எழுதியவள், கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தாள். "அந்த நாலாவதை மட்டும் அனுப்பாதே. எதையாவது திருப்பி அனுப்பக் கத்துக்கிட்டேன்னு வை, அப்புறம் உன் காலை நான் திருப்பித் தர வேண்டியிருக்கும்."

லைனம்மா அனுப்பவில்லை.